ஒருவழி டிக்கெட்டா, ரிட்டன் டிக்கெட்டா? பாய்மரப் படகில் சேர லங்காவி போகும் மகளுக்காக ஒரு தந்தையின் கேள்வி

கேள்வி: நான் உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என் மகளுக்கு 26 வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறாள். இப்போது மலேசியாவில் லங்காவித் தீவில் இருக்கும் ஒரு வெளிநாட்டுத் தம்பதி, தங்களுடைய 42 அடி பாய்மரப் படகில் ஜனவரி கடைசியில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார்களாம். படகோட்டும் குழுவில் இவளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். "நாம் கடல் வழியாகத்தானே வெளியே போகிறோம், ஒருவழி டிக்கெட் போதும்" என்கிறார் கேப்டன். எங்கள் ஊரில் டிக்கெட் போடுபவரோ, "ரிட்டன் டிக்கெட் இல்லாமல் போனால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளையை நடுக்கடலுக்கு அனுப்பலாமா என்று அவள் அம்மாவும் கேட்கச் சொன்னாள்.

பதில்:

ஐயா, வணக்கம்.

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட்டும் பயணக் காகிதங்களும் தயார் செய்து கொடுப்பது என் தொழில். மதுரை, ராமநாதபுரம், தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் வருஷம் பூராவும் வருவார்கள். பெரும்பாலும் சரக்குக் கப்பலுக்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் போகிறவர்கள். பாய்மரப் படகில் சேரக் கிளம்புகிறவர் அபூர்வம், அதிலும் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி என்றதும் உங்கள் கடிதத்தை மிகுந்த சந்தோஷத்தோடு படித்தேன்.

கேப்டன் சொல்வது அவருக்குப் பழக்கமான உலகத்தில் சரி. உங்கள் ஊர்க்காரர் சொல்வது திருச்சி விமான நிலையத்தில் சரி. உங்கள் மகள் விமானம் ஏறப் போவது இங்கிருந்து என்பதால் உங்கள் ஊர்க்காரர் பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் ரிட்டன் டிக்கெட் போட்டதோடு காரியம் முடிந்துவிடாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கவுன்டரில் நின்று பதில் சொல்லப் போவது உங்கள் மகள்தான்.

கப்பல் வேலைக்குப் போகும் பையன் ஒருவழி டிக்கெட்டில்தான் போகிறான். அது நடப்பது எப்படி? அவன் கையில் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் கொடுத்த சி.டி.சி. என்ற கடலோடி அடையாளப் புத்தகம் இருக்கிறது. கப்பல் கம்பெனி, "இவனை இன்ன துறைமுகத்தில் இன்ன கப்பலில் ஏற்றிக்கொள்வோம், ஏற்றாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது" என்று உத்தரவாதக் கடிதம் தருகிறது. போய் இறங்கும் ஊரில் கம்பெனியின் ஏஜென்ட் குடியேற்றத்துறையிடம் முன்னாலேயே சொல்லி வைக்கிறார். விமானக் கம்பெனிக்கு 'ஓகே டு போர்ட்', அதாவது இவரை ஏற்றலாம் என்று தகவல் போகிறது. டிக்கெட்டே மரைன் ஃபேர் என்ற தனி வகையில் போடப்படுகிறது. இத்தனை பேர் பின்னால் நிற்பதால்தான் அந்த ஒருவழி டிக்கெட் செல்லுபடியாகிறது.

உங்கள் மகளுக்குப் பின்னால் கம்பெனியும் கிடையாது, ஏஜென்டும் கிடையாது. தனியார் படகு, சம்பளமில்லாத ஆள். சட்டத்தின் கண்ணில் அவள் மலேசியாவுக்குள் நுழைவது ஒரு சுற்றுலாப் பயணியாக. வெளியேறுவது ஒரு படகின் ஆளாக. நுழையும் பாதி விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் தெரியும். வெளியேறும் பாதி எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. அந்தப் பாதியைக் காகிதத்தில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் இந்தப் பயணத்தில் அவளுக்குள்ள உண்மையான வேலை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

விமானக் கம்பெனி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கோபம் வராது. உள்ளே விடத் தகுதியில்லாத பயணியை ஏற்றி வந்தால், அவரைத் திரும்பக் கொண்டுபோகும் பொறுப்பு அந்த விமானக் கம்பெனியின் தலையில்தான் விழும். 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 9-ஆம் இணைப்பிலேயே இது இருக்கிறது. பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடுகின்றன. அதனால் செக்-இன் கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டை வாங்கியதும் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்ப்பார். எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குப் போக என்னென்ன வேண்டும் என்று அதில் இருக்கும். சுற்றுலாவாகப் போகும் இந்தியருக்கு அது ரிட்டன் டிக்கெட்டையோ, வேறு நாட்டுக்குப் போகும் டிக்கெட்டையோ கேட்கும். "என்னிடம் படகு இருக்கிறது" என்று இவள் சொன்னால், கவுன்டரில் இருப்பவர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மேலதிகாரியைக் கூப்பிடுவார். மேலதிகாரி வந்து காகிதத்தைக் கேட்பார். காகிதம் இருந்தால் ஒரு போன் பேசி முடிவெடுப்பார். இல்லாவிட்டால் கவுன்டர் மூடும் நேரம் வரைக்கும் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காகிதம் கேப்டனின் கடிதம். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கேப்டன் கையெழுத்திட்டிருக்க வேண்டும். படகின் பெயர், எந்த நாட்டுக் கொடி, பதிவு எண், இப்போது லங்காவியில் எந்தப் படகுத்துறையில் நிற்கிறது என்ற விவரம் முதலில். அடுத்து உங்கள் மகளின் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து எழுதிய வடிவத்தில். இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கடிதத்தில் ஒற்றை எழுத்து இருக்கும், டிக்கெட்டில் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு பாஸ்போர்ட் எண். இன்ன தேதி வாக்கில் லங்காவியிலிருந்து காலிக்கு இந்தப் படகிலேயே மலேசியாவை விட்டு வெளியேறுவார் என்ற ஒரு வாக்கியம். அப்படிப் போக முடியாமல் போனால் ஊர் திரும்பும் செலவு யாருடையது என்ற இன்னொரு வாக்கியம். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு வாங்க அவள் கூச்சப்படுவாள். கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். படகில் வரும் ஆட்களுக்குத் துறைமுகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன்தான் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஒழுங்கான கேப்டன் தயங்காமல் எழுதித் தருவார்.

கடிதத்தோடு படகின் பதிவுச் சான்று நகல், கேப்டனின் பாஸ்போர்ட் முதல் பக்க நகல், படகுத்துறையில் வாடகை கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து, மகள் பெயர் சேர்ந்த குழுப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். போனில் இருக்கிறது என்பது நடுராத்திரி கவுன்டரில் உதவாது. முடிந்தால் ஒரு வாரம் முன்னதாக விமானக் கம்பெனிக்கு இதையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பி, "ஏற்பீர்களா?" என்று கேட்டு, வந்த பதிலையும் அச்செடுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு கடிதம் இருந்தாலும் வெளியேறும் டிக்கெட் ஒன்றையும் போட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கடிதத்தை ஏற்பதும் மறுப்பதும் அன்றைக்கு அங்கே இருப்பவர் முடிவு. டிக்கெட்டை யாரும் மறுக்க முடியாது. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகப் போட்டு, படகு கிளம்பிய பிறகு ரத்து செய்யலாம். அல்லது கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவாகக் கிடைப்பதைப் போட்டு, போனால் போகிறது என்று விட்டுவிடலாம். பயண நிறுவனங்களில் சிலர் 'டம்மி டிக்கெட்' போட்டுத் தருகிறேன் என்பார்கள். பணம் கட்டாத அந்த முன்பதிவு கவுன்டரில் சரிபார்க்கும்போது காலாவதி ஆகியிருக்கும். அப்படி ஒரு தாளைக் காட்டிய பிறகு கேப்டன் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பொறி இருக்கிறது, கெட்டிக்காரர்களும் இதில் விழுவார்கள். மதுரையிலிருந்து கொழும்பு வழியாகக் கோலாலம்பூருக்கு ஒரே டிக்கெட்டாகப் போய்வரப் போடலாம். படகுதான் இலங்கையில் கொண்டுபோய் விடுகிறதே, வரும்போது கோலாலம்பூர் – கொழும்பு பகுதியை விட்டுவிட்டுக் கொழும்பு – மதுரையில் மட்டும் ஏறிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. ஒரு டிக்கெட்டில் நடுவில் ஒரு பகுதியில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ள பகுதிகள் தாமாக ரத்தாகிவிடும். கொழும்பிலிருந்து மதுரைக்கு வரும் டிக்கெட் தனியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் காலியில் கால் வைத்த பிறகு போட்டால் போதும். ஒரு மணி நேரப் பயணம்தான்.

போகும் வழிக்கு வருகிறேன். உங்களுக்குச் சௌகரியம் திருச்சிதான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், ஏறத்தாழ நான்கு மணி நேரம். பிறகு உள்நாட்டு விமானத்தில் லங்காவி, ஒரு மணி நேரம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை முடித்து, பையை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இரண்டு விமானமும் வேறு வேறு முனையமாக இருந்தால் நடுவில் ரயிலோ பஸ்ஸோ வேறு. அதற்கு ஐந்து மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

விசா விஷயம்: 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா 30 நாள் விசா விலக்கு கொடுத்து வருகிறது, 2026 முடியும் வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் அன்றைக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடியேற்றத்துறை இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவோ அது போலி. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். மகள் பட்டதாரி என்பதால் ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற முத்திரைப் பிரச்சினை இருக்காது. பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை தவறுதலாக இருந்தால் மட்டும் மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாற்றி வாங்கிவிடுங்கள்.

அந்த 30 நாள்தான் கவனம். பாய்மரப் படகு சொன்ன தேதியில் கிளம்புவது அபூர்வம். பாய் கிழிந்திருக்கும், உதிரிபாகம் எங்கிருந்தோ வர வேண்டியிருக்கும், காற்று சரியாக இருக்காது. "ஜனவரி முதல் வாரமே வந்துவிடு, கூட இருந்து வேலை பழகலாம்" என்று கேப்டன் ஆசையாகக் கூப்பிடலாம். போய்விட்டால், படகு பிப்ரவரி பத்துக்குத் தள்ளிப்போகும்போது இவளுடைய 30 நாள் தீர்ந்திருக்கும். காலம் கடந்து தங்குவது மலேசியாவில் குற்றம். புறப்படும் தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் போனால் போதும். படகைப் பழக அது தாராளம். ஒருவேளை படகு கிளம்பவே இல்லை என்றால் முன்னே சொன்ன ரிட்டன் டிக்கெட் அப்போது உண்மையாகவே கைகொடுக்கும்.

திருச்சியில் செக்-இன் முடிந்ததும் நம் நாட்டுக் குடியேற்ற அதிகாரி இருப்பார். தனியாகப் போகும் இளம்பெண், படகு, வெளிநாட்டுத் தம்பதி என்றதும் அவர் நாலு கேள்வி அதிகமாகக் கேட்பார். ஆள் கடத்தலும் போலி வேலைவாய்ப்பும் நடக்கிற பாதை இது, கேட்கத்தான் வேண்டும். உண்மையை அப்படியே சொல்லட்டும்: "பாய்மரப் படகுப் பயணம். சம்பளம் இல்லை. சென்னையில் எனக்கு வேலை இருக்கிறது. விடுப்புக் கடிதம் இது. கேப்டன் கடிதம் இது." 'சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் பையில் படகுக் கடிதம் இருந்தால்தான் சிக்கல். 'கப்பலில் சேரப் போகிறேன்' என்று பெரிதாகச் சொல்வதும் சிக்கலே, உடனே சி.டி.சி. எங்கே என்பார்கள்.

இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் சம்பளம் இல்லை, செலவில் பங்கு. அதனால்தான் சுற்றுலா விலக்கில் போக முடிகிறது. மாதச் சம்பளம் தருகிறோம், 'க்ரூ விசா' வாங்கித் தருகிறோம், அதற்கு ஒரு லட்சம் கட்டு என்று யாராவது சொன்னால் அது வேறு கதை. கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் கப்பல்துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும்தான் போகிறவருடையது. அதற்கு மேல் பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பதியையும் சோதித்துப் பார்க்க வழி உண்டு. படகின் பெயரை வைத்து அது இப்போது எங்கே நிற்கிறது, இதற்கு முன் எங்கே போனது என்று கப்பல்களைக் காட்டும் இணையதளங்களில் பார்க்கலாம். முன்பு அவர்களோடு பயணம் செய்த இருவர், அதில் ஒருவராவது பெண், அவர்களுடைய தொடர்பைக் கேட்டு உங்கள் மகள் நேரில் பேசட்டும். வீடியோ அழைப்பில் நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து, அவள் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கதவு உள்ள தனி அறையா, நடுக்கூடத்தில் பெஞ்சா, பாருங்கள். பாஸ்போர்ட்டைத் துறைமுகக் காரியத்துக்குக் கேப்டன் வாங்குவார், வேலை முடிந்ததும் அவள் கைக்கே திரும்பி வர வேண்டும். வழியில் எந்தத் துறைமுகத்திலும் இறங்கிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்பதை முன்னாலேயே எழுத்தில் பேசிக்கொள்ளட்டும்.

பை விஷயத்தில் பெரும்பாலும் அவளுக்கே தெரிந்திருக்கும். சூட்கேஸ் வேண்டாம், மடித்து வைக்கிற துணிப்பை. படகில் பெட்டி வைக்க இடம் கிடையாது. பவர் பேங்க் கைப்பையில், கத்தி செக்-இன் பையில். தானாகக் காற்று நிரம்பும் உயிர்காப்பு ஜாக்கெட் சொந்தமாக எடுத்துப் போனால் அதில் வாயுக் குப்பி இருக்கும், விமானக் கம்பெனியிடம் முன்னாலேயே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கொளுத்தும் தீப்பந்தங்களை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. அம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாய் செக்-இன் பைக்குள் போகட்டும், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் வழியாகவோ துபாய் வழியாகவோ போவதாக மாறினால் மசாலாப் பொடியில் கசகசா இருக்கக் கூடாது, அந்த இரண்டு இடத்திலும் அது தடை. விமான நிலையத்தில் "ஒரே ஒரு பார்சல், அங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள்" என்று குருவிகள், அதாவது ஆள் வைத்துச் சாமான் கடத்துகிறவர்கள், யாராவது அணுகினால் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் உயிரை எடுக்கக்கூடியது.

ஆனால் ஒரு பொருளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கடலோடிகள் பலர் கையில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி வைத்திருப்பார்கள். கார்மின் இன்ரீச் போன்றவை. செல்போன் சிக்னல் இல்லாத நடுக்கடலில் அது உயிர் காக்கிற சாமான்தான். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இந்தக் கையடக்கக் கருவிகள் வேலை செய்வது இரிடியம் வழியாகத்தான். சென்னை உட்பட நம் விமான நிலையங்களில் இதை வைத்திருந்த பயணிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். எதற்கு வைத்திருந்தாய் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. உங்கள் மகள் ஆசைப்பட்டு லங்காவியில் ஒன்று வாங்கி, கொழும்பு வழியாக மதுரையில் வந்து இறங்கினால் அவளைக் கூட்டிவர நீங்கள் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். படகில் உள்ளதைப் பயன்படுத்தட்டும். சொந்தமாக வாங்க வேண்டாம்.

இனி அம்மாவின் கேள்வி. இதற்கு டிக்கெட்காரனாக மட்டும் பதில் சொல்ல முடியாது. கடலுக்குப் போய் வருகிறவர்களோடு பழகியவனாகச் சொல்கிறேன்.

லங்காவியும் காலியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, வடக்கே 6 டிகிரி. நேர் மேற்காகச் சுமார் 1,200 கடல் மைல். இந்த அளவுப் படகுக்கு ஒன்பது பத்து நாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தக் கடலில் வடகிழக்குக் காற்று சீராக வீசும், நம் ராமேஸ்வரத்து மீனவர் வாடை என்கிறாரே, அதே காற்றுதான். பின்னாலிருந்து தள்ளும், படகுக்கு அது நல்ல காலம். லங்காவி இருக்கும் கெடா மாநிலம் நம்முடைய பழைய கடாரம்தான். அங்கிருந்து நம் பக்கம் திரும்பிய கப்பல்கள் காத்திருந்ததும் இந்தக் காற்றுக்குத்தான். ஏப்ரலுக்கு மேல் காற்று மாறத் தொடங்கும், மே மாதம் தென்மேற்குப் பருவம் எதிரே வந்துவிடும். அதனால் படகு மார்ச் கடைசியையும் தாண்டித் தள்ளிப்போனால், 'இந்த வருஷம் வேண்டாம்' என்று அவளே சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து அலை இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். கப்பல்கள். கிரேட் நிகோபாரின் தெற்கு முனைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள கால்வாய் வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குப் போகும் பெருங்கப்பல்கள் எல்லாம் வந்து போகின்றன. அதே கப்பல் வரிசை இலங்கையின் தெற்குக் கரையை ஒட்டியும் போகிறது. இந்த இரண்டு இடத்திலும் ராத்திரி முழுக்க ஒருவர் கண்ணை மூடாமல் காவல் இருக்க வேண்டும். ஆகவே அவள் கேப்டனிடம் கேட்க வேண்டியவை இவை. கப்பல்கள் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள உதவும் ஏ.ஐ.எஸ். கருவி படகின் இருப்பிடத்தை ஒலிபரப்புகிறதா, அல்லது மற்றவர்களை மட்டும் பார்க்கிறதா? காவல் முறை எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று? முதல் இரண்டு மூன்று ராத்திரி அவளோடு ஒருவர் உட்காருவாரா? இருட்டில் சுக்கான் இடத்தை விட்டுப் படகின் முன்பக்கத்துக்குப் போகும்போது இடுப்புப் பட்டையைப் படகோடு கொக்கி போட்டு மாட்டுவது கட்டாயமா? ஆபத்தில் ஏறிக்கொள்ளும் உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, பேட்டரி காலாவதி என்றைக்கு? இதையெல்லாம் கேட்டால் நல்ல கேப்டன் சந்தோஷப்படுவார். எரிச்சல் படுகிறவரோடு போக வேண்டாம்.

கிணற்று நீச்சல் நல்ல அடிப்படை. ஆனால் படகிலிருந்து விழுந்தவருக்கு நீச்சலைவிட உதவுவது உடம்பில் மாட்டிய கொக்கியும் ஜாக்கெட்டும்தான். கடல் மயக்கத்துக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும். சின்னாரிசின் மாத்திரையைக் கடலோடிகள் பலர் எடுக்கிறார்கள். வாந்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை, படகு கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது 'பாய்மரப் படகில் குழு ஆளாக, கரையிலிருந்து தொலைவில்' என்று எழுத்தில் கேட்டு, உண்டு என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடு இதை விலக்கி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்பது நாளும் அவளிடமிருந்து போன் வராது. படகில் உள்ள செயற்கைக்கோள் வசதி வழியாகத் தினம் ஒரு வரி, இருக்கும் இடத்தோடு அனுப்பும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் வராவிட்டால் பதற வேண்டாம், கருவி பழுதாவது சகஜம். எத்தனை நாள் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேப்டனோடு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடலின் ஒரு பகுதி இந்தியக் கடலோரக் காவல் படையின் தேடல் மீட்பு எல்லைக்குள் வருகிறது. சென்னையிலும் அந்தமான் தலைநகரிலும் அவர்களுடைய மீட்பு மையங்கள் உள்ளன. கட்டணமில்லா எண் 1554. எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இது பெண்பிள்ளைக்கு ஏற்றதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்வி வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கேரளத்தின் தில்னாவோடு சேர்ந்து, 56 அடி தாரிணிப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். கடற்படைப் பயிற்சி அவர்களுக்கு உண்டு, உங்கள் மகளுக்கு இல்லை. உங்கள் மகள் போவதும் அந்தத் தூரமில்லை, அந்தக் கடலுமில்லை. ஜாக்கிரதையான கேப்டனோடு, சரியான மாதத்தில் போகிற ஒன்பது நாள் பயணம் இது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுப்புவேன்.

முடியும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். லங்காவியில் கிளம்பும் முன் கேப்டன் துறைமுக அலுவலகம், சுங்கம், குடியேற்றம் மூன்றிலும் போய் விடுவிப்பு வாங்குவார். உங்கள் மகளும் கூடவே போய், குழுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா, மலேசியாவை விட்டு வெளியேறிய பதிவு பாஸ்போர்ட்டில் விழுந்ததா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் ஈ.டி.ஏ. பயண அனுமதியை லங்காவியில் இருக்கும்போதே வாங்கிவிடட்டும். காலித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஏஜென்ட் கட்டாயம். அவர்தான் காகிதம் எல்லாம் பார்ப்பார். இறங்கும்போது குழுப் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கியதற்கான தாளை அவரிடம் கேட்டு வாங்காமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிளம்பக் கூடாது. படகில் வந்தவள் விமானத்தில் வெளியேறுகிறாள், இப்போது காட்ட வேண்டிய பாதி அது. மதுரை டிக்கெட்டுக்கான பணத்தை யாரும் தொடாத ஒரு கார்டில் தனியாக வைத்திருக்கட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது, கேப்டனிடம் அந்தக் கடிதத்தைக் கேட்பது. கடிதமும் பதிவுச் சான்றும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். அவர் தரத் தயங்கினால் டிக்கெட் போட வேண்டாம். வேறு படகு கிடைக்கும்.